கம்பெனி போயிடுச்சு, கார் இருக்கு: பார்ட்ஸ் கிடைக்காத பழைய காரை எப்படி ஓட்டுவது?

‘இந்த பார்ட் இனிமே வராது சார், வண்டியைக் கொடுத்துட்டு வேற எடுத்துடுங்க.’ பழைய கார் வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படும் வாக்கியம் இதுதான்.

இந்தியாவில் செவர்லே கார் விற்பனை 2017-ம் ஆண்டு கடைசியோடு நின்றது. இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-லேயே நின்றுவிட்டன. தயாரிப்புதான் நின்றதே தவிர, கார்கள் நிற்கவில்லை. 2021-ல் ஃபோர்டு வாங்கிய சிலர் இன்னும் இஎம்ஐ கூட கட்டி முடித்திருக்க மாட்டார்கள்.

அப்போ இந்த கார்களின் கதி? உடனே விற்றுவிட வேண்டுமா? தேவையில்லை. ஆனால், எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பழைய கார் எதனால் ஓரங்கட்டப்படுகிறது?

‘இன்ஜின் போச்சுன்னா கார் போச்சு’ என்றுதான் பலரும் நினைக்கிறோம். பார்ட்ஸ் வராத கார்களில் பெரும்பாலும் நிலைமை தலைகீழ். இன்ஜினுக்கு ஏதாவது ஒரு வழி கிடைத்துவிடும். ஹெட்லைட்டுக்குத்தான் கிடைக்காது.

காரணம் சிம்பிள். காரில் இருக்கும் பாகங்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, தேயும் பாகங்கள்: பிரேக் பேட், கிளட்ச், பேரிங், ஃபில்டர், பெல்ட், ஆல்டர்னேட்டர். இன்னொன்று, அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும் வடிவம் கொண்ட பாகங்கள்: ஹெட்லைட், பம்பர், டெயில் லேம்ப், கதவுக் கைப்பிடி, டேஷ்போர்டு, கண்ணாடி.

முதல் வகையில் பெரும்பகுதியை கார் கம்பெனி தானே செய்வதில்லை. வெளியே வாங்கிப் பொருத்துகிறது. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் செய்யும் லூகாஸ் டிவிஎஸ், பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியா, ஸ்டீயரிங் செய்யும் ரானே என சென்னையிலேயே பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. கார் கம்பெனி கிளம்பினாலும் இப்படிப்பட்ட நிறுவனங்கள் கிளம்புவதில்லை. தேயும் பாகத்துக்கு மார்க்கெட்டில் எப்போதும் டிமாண்ட் உண்டு.

இரண்டாவது வகை அப்படியில்லை. ஒரு பம்பரை வார்க்க அந்த மாடலுக்கென்றே தனி அச்சு வேண்டும். வருடத்துக்கு சில நூறு பம்பர் விற்க யாரும் அந்த அச்சை ஓட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஒரே இன்ஜின், நாலு பேட்ஜ்

இதற்கு நல்ல உதாரணம் ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின். 1,248 சிசி. ஃபியட் புன்டோவிலும் லீனியாவிலும் இதுதான் இருந்தது. மாருதி ஸ்விஃப்ட் டீசலில் இதுதான் டிடிஐஎஸ் என்ற பெயரில் ஓடியது. டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட். செவர்லே செயிலிலும் இதே குடும்பம்தான்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. ஆனாலும் இந்த இன்ஜினோடு லட்சக்கணக்கான கார்கள் ரோட்டில் இருப்பதால், உதிரிபாகத்துக்கும் தெரிந்த மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை. புன்டோ வைத்திருப்பவரின் இன்ஜின் பிரச்னைக்கு ஸ்விஃப்ட் உலகத்தில் பதில் இருக்கும். அதே புன்டோவின் ஹெட்லைட் உடைந்தால் ஸ்விஃப்ட் உதவாது.

ஒரு எச்சரிக்கை: ஒரே இன்ஜின் என்றால் எல்லாமே அப்படியே மாட்டும் என்று அர்த்தமில்லை. 75 எச்பி, 90 எச்பி என்று இரண்டு வகை உண்டு; டர்போ வேறு, இ.சி.யு. வேறு. பார்ட் நம்பர் பார்க்காமல் வாங்கக்கூடாது.

தேடும் வரிசை இதுதான்

1. பார்ட் நம்பர்: கழற்றிய பாகத்திலேயே பெரும்பாலும் எண் பொறித்திருக்கும். இல்லையென்றால் 17 இலக்க சேஸிஸ் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பழைய எண்ணுக்குப் பதில் கம்பெனி புது எண் கொடுத்திருக்கும் வாய்ப்பும் உண்டு. ‘ஸ்டாக் இல்லை’ என்பதும் ‘இனி வராது’ என்பதும் ஒன்றல்ல; கவுண்டரில் தெளிவாகக் கேளுங்கள்.

2. பாகத்தைச் செய்தவர் பெயர்: பாகத்தின் மேல் பாஷ், டென்சோ, வேலியோ என்று ஏதாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். கார் கம்பெனி டப்பாவில் வராதது, அதைச் செய்த நிறுவனத்தின் டப்பாவில் கிடைக்கலாம். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் இப்படித்தான் தேடுவார்கள்.

3. சரிசெய்வது: புதுசு இல்லையென்றால் பழசையே மீட்பது. தேய்ந்த சிலிண்டரை போர் செய்து 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ரேடியேட்டருக்கு கோர் மாற்றலாம். உடைந்த பம்பரை பிளாஸ்டிக் வெல்டிங் செய்யலாம். மங்கிய ஹெட்லைட்டுக்கு பாலிஷ் போதும். லேத் பட்டறையில் புஷ் கடைந்து கொடுப்பார்கள். கோவை மாதிரி ஊரில் இதற்கு ஆள் தேட வேண்டியதே இல்லை.

4. காயலாங்கடை: வடிவம் சார்ந்த பாகங்களுக்கு இதுதான் கடைசி, சில நேரம் ஒரே வழி. சென்னையில் புதுப்பேட்டை, டெல்லியில் மாயாபுரி. பில் கேட்டு வாங்குங்கள். திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் தலைவலி உங்களுக்குத்தான். இன்ஜினையே மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் புது எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் கிளெய்மில் மாட்டிக்கொள்வீர்கள்.

இதையெல்லாம் செகண்ட்ஸில் வாங்கவே கூடாது

கதவு, லைட், சீட் எல்லாம் ஓகே. ஆனால் பிரேக் ஹோஸ், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் இவற்றில் பழசு வேண்டாம். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஏர்பேக்கும், விபத்தில் சிக்கிய வண்டியின் சீட் பெல்ட்டும் கூடவே கூடாது. இவை ஒரு முறை வேலை செய்யத்தான் உருவாக்கப்பட்டவை.

‘பத்து வருஷமா டப்பா பிரிக்காத ஒரிஜினல்’ என்று யாராவது ரப்பர் பாகம் கொடுத்தாலும் யோசியுங்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும்.

இ.சி.யு.வுக்கும் தனி கவனம் தேவை. இம்மொபிலைசர் உள்ள கார்களில் சாவியும் இ.சி.யு.வும் ஜோடி. வேறு வண்டியின் பெட்டியை மாட்டினால் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. புரோகிராம் செய்யத் தெரிந்தவர் வேண்டும். உங்களிடம் ஒரே சாவிதான் இருக்கிறதென்றால், இந்த மாதமே இரண்டாவது சாவி போட்டுவிடுங்கள்.

இன்ஷூரன்ஸில் ஒரு பொறி

பலருக்கும் தெரியாத விஷயம் இது. ரிப்பேர் செலவு காரின் ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் குறித்த மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ‘டோட்டல் லாஸ்’ கணக்கில் போய்விடும்.

உதாரணத்துக்கு, ஐ.டி.வி. 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்றால் 90,000. முன்பக்கம் ஒரு சுமாரான இடி. இரண்டு ஹெட்லைட், பம்பர், பானெட், ரேடியேட்டர், லேபர், பெயின்ட். பார்ட்ஸ் அரிதாகி விலை ஏறியிருந்தால் 90,000-ஐத் தொட அதிக நேரம் ஆகாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார், கணக்கில் செத்துப்போகும். செலவு அந்த வரம்புக்குள் வந்தாலும், சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். மீதி உங்கள் பாக்கெட்டிலிருந்து.

அதனால் ரின்யூவல் சமயத்தில் பிரீமியம் குறையும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடாதீர்கள். ஐந்து வருடம் தாண்டிய கார்களுக்கு இந்த மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேசுங்கள்.

சட்டம் உதவுமா?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றி ஒரு குழு அமைத்தது. மொபைல், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவி ஆகியவற்றோடு ஆட்டோமொபைலும் அதன் பட்டியலில் இருந்தது. அது தொட்ட விஷயம் நியாயமானது: பொருளை விற்றவர், அதைச் சரிசெய்யும் வழியையும் திறந்து வைக்க வேண்டும். ஆனால் உங்கள் ஹெட்லைட் இன்று உடைந்தால், இன்று தேட வேண்டியவர் நீங்கள்தான்.

வைத்துக்கொள்வதா, கொடுப்பதா?

மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

இன்ஜின் வேறு ஏதாவது பிரபலமான காரிலும் இருக்கிறதா? உங்கள் மாடலைத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா? பாடியில் துரு பிடிக்காமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு ஜோடி ஹெட்லைட், டெயில் லேம்ப், சைடு மிரர், கதவுக் கைப்பிடி எங்காவது கிடைத்தால் இப்போதே வாங்கி வையுங்கள். அதே மாடல் ஓனர்களின் வாட்ஸ்அப் குரூப் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் வண்டியைக் கழிக்கும்போது இன்னொருவருக்கு பம்பர் கிடைக்கும்.

பதினைந்து வருடம் முடிந்தால் ஃபிட்னஸ் பார்த்து ஆர்.சி. ரின்யூவல் செய்ய வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மூன்றில் இரண்டு ‘இல்லை’ என்றால், அடுத்த பெரிய செலவுக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஸ்கிராப்புக்குப் போடுவதாக இருந்தால், பதிவு பெற்ற வாகன ஸ்கிராப் மையத்தில் கொடுத்து ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். இல்லாத கார் உங்கள் பெயரிலேயே இருப்பது நல்லதல்ல.