கொசஸ்தலையாற்றங்கரைக் கற்கள்

திருத்தணி மலையில், ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக அமைந்த 365 படிகளையும் ஏறி, முருகனைத் தரிசித்துவிட்டு வெளியே வந்து நிற்கும் பக்தர்களில் பெரும்பாலோர், வடக்கே நீலப் புகைபோல் தெரியும் நகரி மலைகளைக் கணநேரம் நோக்கி, அப்பால் ஆந்திரம் என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அம்மலைகளின் கற்களே, கிழக்கே பூண்டி ஏரி வரை அமைதியாகப் பரந்து கிடக்கும் கொசஸ்தலையாற்றுப் பிரதேசத்தை மானிட சரித்திரத்தின் மிகப் பழைய ஏடுகளுள் ஒன்றாக்கின என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

திருத்தணியின் அடிவாரத்து நந்தியாறும், நகரியாறும் வந்து கலக்கும் இந்த ஆறு, மழைக்காலம் போனால் பெரும்பாலும் வெறும் மணலே. கரையோரம் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும். சற்று மேடேறினால் செம்மண்ணும் முட்புதர்களும், காலில் இடறும் கூழாங்கற்களும்.

அக்கூழாங்கற்களில் ஒன்றை உற்றுப் பாருங்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மணல், அழுத்தத்தால் இறுகி, நகரி மலைகளின் குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையாயிற்று. அதிலிருந்து பெயர்ந்த துண்டுகள் நீரில் உருண்டு தேய்ந்து, மீண்டும் ஒன்றாய் இறுகி, பூண்டிக்கு வடக்கே அல்லிக்குழி மலைகளாக எழுந்தன. அங்குள்ள கூடியம் குகைகளின் சுவர்களில் அந்த உருண்டைக் கற்கள் பதிந்திருப்பதை இன்றும் காணலாம். ஓங்கித் தட்டினால் சிப்பிபோல் சில்லுச் சில்லாய்ப் பிளந்து கூர்விளிம்பு தரும் இக்கல்லை, ஆதிமனிதன் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

1863இல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன், கொசஸ்தலையாற்றுப் பிரதேசத்தில் கற்கருவிகள் கிடைக்கும் அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். பூண்டி அகழ்வைப்பகத்தில் நான் கண்ட கைக்கோடரி ஒன்று மாங்கொட்டை வடிவில், இருபுறமும் சீராகச் செதுக்கப்பட்டு, அடிப்பாகத்தில் மட்டும் ஆற்றுக்கல்லின் பழைய வழுவழுப்பை வைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில்தான் உள்ளங்கை பதிந்திருக்க வேண்டும்.

சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் நடத்திய அகழாய்வில், கற்கருவிகளோடு எருமை, குதிரை இனங்களின் பற்களும், ஈரக்களிமண்ணில் பதிந்த குளம்படிகளும்கூடக் கிடைத்தன. விண்வெளியிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்கள் தரைமேல் கிடக்கும் கல்லில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்ததும் அவ்வுற்பத்தி நின்று, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. எஞ்சிய விகிதத்தைக் கொண்டு, கல் புதைந்த காலத்தைக் கணக்கிடலாம். இவ்வாறு அத்திரம்பாக்கத்துக் கீழடுக்குக் கருவிகளுக்கு 2011இல் கிடைத்த விடை சுமார் 15 லட்சம் ஆண்டுகள். மேலடுக்கில் கிடைத்த, நுட்பம் மிகுந்த சிறு கருவிகளின் தொடக்கம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று 2018இல் அறிவித்தார்கள்.

இந்தக் கணக்கு முழுவதும், கல் தான் புதைந்த அடுக்கில் அசையாமல் இருப்பதையே நம்பியிருக்கிறது. எடுத்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால், அது எந்தக் காலத்தது என்பதை எந்த விஞ்ஞானியாலும் பிறகு மீட்டுத் தர முடியாது. ஆகையால், அடுத்த முறை திருத்தணிக்கு வருகிறவர்கள் ஒரு பகல் பொழுதை ஒதுக்கிப் பூண்டிக்கும் போய் வாருங்கள்; வழியில் செதுக்கிய கல் ஏதேனும் கண்ணில் பட்டால், எடுக்காமல் அங்கேயே விட்டு, அகழ்வைப்பகத்தாரிடம் இடத்தைச் சொல்லுங்கள்.