சபையில்லா நகரமும் கொள்ளைநோயும்

சென்னை நகரசபை 1688-ம் வருஷத்தில் தோன்றியது. இந்தியாவில் அதற்கு மூத்த நகரசபை வேறில்லை. அப்பெருமையைச் சொல்லி மகிழாத சென்னைவாசியும் இல்லை. ஆனால், 2020 மார்ச்சில் கொரோனாக் கொள்ளைநோய் நகருக்குள் புகுந்தபோது ரிப்பன் கட்டிடத்தில் கமிஷனர் இருந்தார், டாக்டர்கள் இருந்தனர், சிப்பந்திகள் இருந்தனர். ஜனங்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தினர் ஒருவர்கூட இல்லை. 200 வார்டுகளின் ஆசனங்களும் காலியாகக் கிடந்தன.

இது கொள்ளைநோயின் விளைவன்று. 2016 அக்டோபரில் சபையின் ஆயுள் முடிந்தது. அதே மாதம் நடக்கவிருந்த தேர்தலை, இட ஒதுக்கீட்டிலும் அறிவிப்பிலும் கண்ட குறைகளை முன்னிட்டு ஹைகோர்ட் ரத்து செய்தது. குறைகளைத் திருத்தித் தேர்தலை உடனே நடத்தியிருக்கலாம். வார்டு வரையறை என்றும் வழக்கு என்றும் காலம் கடத்தப்பட்டது. ஐந்தாண்டு முடியுமுன்பே புதிய தேர்தல் நடந்து தீரவேண்டும் என்று 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் விதித்திருந்தும், 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் சென்னை மக்கள் வோட்டுப் போட முடிந்தது.

இடையில் நடந்த பணிகளை நாம் குறைத்துக் கூறவில்லை. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடு வீடாகச் சென்று ஜுரம் உண்டா, இருமல் உண்டா என்று விசாரித்தனர். தெருத் தெருவாக ஜுர முகாம்கள் நடந்தன. மற்றவர்கள் கதவடைத்திருந்த நாட்களிலும் துப்புரவுத் தொழிலாளர் குப்பை வாரினார்கள். அவர்களுக்கு நகரம் பட்ட கடன் எளிதில் தீராது.

ஆனால் வேலை நடப்பது வேறு. வேலைக்குக் கணக்குக் கேட்பது வேறு. சபையின் அதிகாரமும் கமிஷனரின் அதிகாரமும் ஒருவர் கையிலேயே இருந்தன. உத்தரவிடுபவரும் அவரே, அதை ஆராய வேண்டியவரும் அவரே. கோயம்பேடு மார்க்கெட்டில் நோய் பரவி, 2020 மே 5-ந் தேதி அது மூடப்பட்டது. எச்சரிக்கை ஏன் முன்னமே இல்லை என்று வியாபாரியும் மூட்டை தூக்குபவனும் எந்தச் சபையில் கேட்பது? தகரம் வைத்து அடைக்கப்பட்ட தெருவில், பாலுக்கும் மருந்துக்கும் தவித்தவர் எந்தக் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவது?

இதைவிடப் பெரிய விஷயம் மரணக் கணக்கு. பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்வது நகரசபையின் ஆதிக் கடமைகளில் ஒன்று. 2020 ஜூனில் நகரசபைப் பதிவேட்டிலிருந்த கொரோனா மரணங்கள் பல, சுகாதார இலாகாவின் தினசரி அறிக்கையில் இல்லை என்பதைப் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. கமிட்டி ஒன்று ஆராய்ந்தது. ஜூலை 22-ந் தேதி, விடுபட்ட 444 மரணங்கள் ஒரே நாளில் கணக்கில் சேர்க்கப்பட்டன. 444 குடும்பங்களின் துக்கம் அதுகாறும் சர்க்கார் கணக்கில் ஏறவில்லை. சபையிருந்தால் அத்தவறு நேர்ந்தே இராது என்று நாம் சாதிக்கவில்லை. ஆயினும், தம் வார்டின் சுடுகாட்டில் எத்தனை சிதை எரிந்ததென்று அறிந்த அங்கத்தினர் 200 பேர் எழுந்து கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது.

நெருக்கடிக் காலத்தில் விவாதம் எதற்கு, விரைவாக முடிவு செய்ய ஓர் அதிகாரி போதாதா என்பார் உளர். 1939-ல் உலக யுத்தம் மூண்டிருந்தபோதுதான் சத்தியமூர்த்தி சென்னை மேயரானார். யுத்தத்தைக் காரணங்காட்டி அச்சபை உறங்கிவிடவில்லை. நகரின் தாகம் தீர்க்கும் பூண்டி நீர்த்தேக்க வேலை அவர் காலத்திலேயே தொடங்கிற்று. அன்னியன் ஆண்ட நாளில், யுத்த மத்தியில், கூடிய சபை, சுதந்திர நாட்டில் ஐந்தாண்டுக்கு மேல் கூடாதிருந்தது வெட்கக் கேடல்லவா?

சென்னைக்கு 2022-ல் சபை திரும்பியது. பாடம் மட்டும் நிலைக்கவில்லை. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமப் பஞ்சாயத்துகளின் ஆயுள் 2025 ஜனவரியில் முடிந்தபோது, அங்கும் தனி அதிகாரிகளே பொறுப்பேற்றனர். கொள்ளைநோய் முன்னறிவித்து வருவதில்லை. அது வரும் நாளில் ஆசனங்கள் காலியாகக் கிடக்கலாகாது. தேர்தலைக் காலத்தில் நடத்துமாறு வற்புறுத்துவது கட்சிக் காரியமன்று, உயிர்க் காரியம். ஊர்தோறும் தேசத் தொண்டர்கள் இதைக் கையிலெடுக்க வேண்டும்.