ஹிஸ்டரி படிச்சா இன்டர்ன்ஷிப் எங்கே கிடைக்கும்?

உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "நான் பி.ஏ. வரலாறு. கூடப் படிக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு இன்டர்ன்ஷிப் இருக்கு. நான் எங்கே போறது?"

முதல்ல நான் ஏமாந்த கதையைச் சொல்லிடறேன். இரண்டாம் வருஷத்துல ஆன்லைன்ல ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்தேன். நாலு வீடியோ, ஒரு க்விஸ், கடைசியில ஒரு சர்டிபிகேட். பிறகு ஒரு நேர்காணல்ல, "இதுல நீங்க என்ன வேலை செஞ்சீங்க?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதிலே இல்லை.

சரி, உண்மையான வேலை எப்படி இருக்கும்? ஒரு உதாரணம். பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று உங்க கையில இருக்கு. அதுல 'துன்மதி வருஷம்'னு மட்டும் அச்சாகியிருக்கு. தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். அப்போ இது 1861-ஆ, 1921-ஆ? அச்சகத்தோட பெயரைப் பார்க்கணும், அதே அச்சகத்தோட வேற புத்தகங்களோட ஒப்பிடணும், அப்புறம்தான் அட்டவணையில ஏத்தணும். இப்படி இருபது புத்தகம் பார்த்தீங்கன்னா, எந்த நேர்காணல்லயும் பேச விஷயம் இருக்கும்.

எங்கே கேட்கலாம்? சென்னையில தரமணியில இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்ல ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்கள், இதழ்கள், நோட்டீஸ்கள்ல இருந்து 1994-ல உருவானது. எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், 1851-ல தொடங்கின அரசு அருங்காட்சியகமும் இருக்கு. முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா. புதுச்சேரியில பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்; அங்கே ஓலைச்சுவடிகளும் கோயில் புகைப்படங்களும் ஏராளம்.

விளம்பரம் வரட்டும்னு காத்திருக்காதீங்க. நீங்களே எழுதிக் கேளுங்க. மெயில் ஒரு பக்கத்துக்குள்ள முடியணும். எந்தத் தேதியில இருந்து எத்தனை வாரம் வர முடியும், அங்கே இருக்கிற எந்தத் தொகுப்புல ஆர்வம், என்ன தெரியும். 'தமிழ் டைப்பிங் வேகமா வரும்', 'எக்செல் தெரியும்', 'கல்வெட்டு எழுத்து கொஞ்சம் படிப்பேன்'. இதெல்லாம் பெரிய தகுதிங்க! கூடவே துறைத் தலைவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி இணைச்சிடுங்க. பதில் வரலைன்னா பத்து நாள் கழிச்சு இன்னொரு மெயில் போடுங்க.

பணத்தைப் பத்தியும் வெளிப்படையா பேசிடலாம். இந்தத் துறையில பல இடங்கள்ல உதவித்தொகை இருக்காது. வெளியூர்ல இருந்து வந்து ஹாஸ்டல் வாடகை கொடுத்துத் தங்கறது எல்லாராலயும் முடியாது. அதனால சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க, கூச்சப்படாதீங்க. முடியாதுன்னா உங்க மாவட்டத்து அரசு அருங்காட்சியகத்துல, வீட்டுல இருந்தே போய் வர்ற மாதிரி வாரம் இரண்டு நாள் கேட்டுப் பாருங்க. ஆனா வேலை கத்துக்கொடுக்கிறேன்னு உங்ககிட்டயே யாராவது பணம் கேட்டா, அங்கேயே நின்னுடுங்க.

சேர்ந்த முதல் நாள்ல இருந்து ஒரு நோட்டுல அன்னன்னிக்குச் செஞ்ச வேலையை எழுதி வைங்க. என்கிட்ட அன்னிக்கு இல்லாத பதில் அதுலதான் இருக்கும்.