புது கோச் வந்தாச்சு!



புது வகுப்புக்குப் போன முதல் நாள் என்ன பேசிக்கொள்வீர்கள்? "இந்த வருஷம் கணக்குக்கு யாருடா சார்?" "அவரா? ஐயோ, பிரம்பை எடுத்தா கீழே வைக்க மாட்டாராம்!" "இல்லடா, கதை சொல்லியே கணக்குப் போட வைப்பாராம்!" ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். அந்த சார் இன்னும் வகுப்புக்குள் காலே எடுத்து வைத்திருக்க மாட்டார்! (இப்படிப் புது சாராகப் பல வகுப்புகளுக்குப் போனவன் நான். நீங்கள் பேசுவதெல்லாம் வராந்தாவில் வரும்போதே காதில் விழுந்துவிடும். தெரிந்துகொள்ளுங்கள்!)

ஒரு விளையாட்டு அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வரும்போதும் இதே கதைதான். என்ன, வகுப்பில் பேசுகிறவர்கள் நாற்பது பேர். நம் நாட்டு கிரிக்கெட் அணி என்றால் கோடிக்கணக்கான பேர்.

கோட்டு போட்ட மேனேஜர்

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு. நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. அதில் பயிற்சியாளருக்கு 'மேனேஜர்' என்று பெயர். எந்தப் பந்துவீச்சாளரை எப்போது மாற்றுவது என்று ஆட்டத்தின் நடுவிலேயே முடிவு செய்பவர் அவர்தான். அதனால் தோற்றால் திட்டும் அவருக்குத்தான். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆடுகிறது. எத்தனை நாள் திட்டு வாங்குவார், கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இன்னொரு வேடிக்கை. தலை நரைத்த மேனேஜராக இருந்தாலும் வீரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். கோனி மேக் என்பவரோ கோட்டும் டையுமாக வருவார். பிலடெல்ஃபியா நகரத்து அணிக்கு 1901 முதல் 1950 வரை, ஐம்பது ஆண்டுகள் அவர்தான் மேனேஜர். அந்த நாட்டுப் பெரிய லீக்கில் அதிக ஆட்டம் ஜெயித்த மேனேஜர் அவர். அதிக ஆட்டம் தோற்ற மேனேஜரும் அவரேதான்! அவ்வளவு தோற்றும் ஏன் நீக்கவில்லை என்கிறீர்களா? அணியின் முதலாளிகளில் அவரும் ஒருவர். யார் நீக்குவது?

கிரிக்கெட்டில் அப்படி இல்லை. மைதானத்துக்குள் முடிவு எடுப்பவர் கேப்டன். கோச் வெளியே உட்கார்ந்து நகம் கடிக்க வேண்டியதுதான். ஆனாலும் திட்டு மட்டும் குறைவதில்லை.

மாப்பிள்ளை வரவேற்பு

எங்கள் பட்டினச்சேரி, காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவர் ஊர். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். மீனவப் பெண்ணை மணந்தவர் அவர் என்பது ஐதிகம். அதனால் எங்கள் ஊருக்கு அவர் மாப்பிள்ளை! 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று உரிமையோடு கூப்பிட்டுத் தோளில் சுமப்பார்கள். புது கோச்சுக்கும் முதல் நாள் இப்படி மாப்பிள்ளை வரவேற்புதான். ஆனால் பெருமாளுக்கு ஆண்டுதோறும் அதே மரியாதை. கோச்சுக்கு?

2000-ஆம் ஆண்டில் நியூசிலாந்துக்காரரான ஜான் ரைட் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த முதல் பயிற்சியாளர் அவர். அதிகம் பேச மாட்டார். அவர் காலத்தில்தான் 2001-ல் கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தினோம். லட்சுமணன் 281 ரன் எடுத்த அதே ஆட்டம். 2003 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போனோம். 2004-ல் பாகிஸ்தான் மண்ணில் முதல் முறையாக டெஸ்ட் தொடரை வென்றோம். 2005-ல் அவர் விடைபெற்றபோது, 'அடுத்து யார்?' என்று நாடே பேசியது.

அந்த ஆண்டு மே மாதம் கிரெக் சேப்பல் பெயரை அறிவித்தார்கள். எவ்வளவு பெரிய பெயர் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன். 87 டெஸ்டில் 7,110 ரன். ஆடிய முதல் டெஸ்டிலும் சதம், கடைசி டெஸ்டிலும் சதம். நம் கேப்டன் சவுரவ் கங்குலியே 2003-ல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முன்பு அவரிடம் போய் யோசனை கேட்டவர்தான். திரும்பி வந்து பிரிஸ்பேனில் 144 ரன் அடித்தார். அப்படிப்பட்டவர் கோச்சாக வந்தால் கேட்கவா வேண்டும்? 'உலகக் கோப்பை நமக்குத்தான்' என்று ரசிகர்கள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள்.

நாலே மாதம். ஜிம்பாப்வே பயணத்தில் கோச்சுக்கும் கேப்டனுக்கும் மோதல் வந்தது. கங்குலியைப் பற்றி சேப்பல் கிரிக்கெட் வாரியத்துக்கு அனுப்பிய ரகசிய மின்னஞ்சல் பத்திரிகைகளில் வந்துவிட்டது. கங்குலியின் கேப்டன் பதவி ராகுல் டிராவிட்டுக்குப் போனது. கொல்கத்தாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 2005 நவம்பர் 25-ஆம் தேதி அங்கே தென்னாப்பிரிக்காவோடு ஒருநாள் ஆட்டம். நம் அணி 188 ரன் எடுத்தது. எதிரணி ஒரு விக்கெட்டும் இழக்காமல் ஜெயித்தது. ஈடன் கார்டனில் கூடியிருந்தவர்கள் நம் அணியைப் பார்த்து ஊளையிட்டார்கள், தென்னாப்பிரிக்காவுக்குக் கை தட்டினார்கள்!

நடுவில் நல்லதும் நடந்தது. இரண்டாவதாக மட்டை பிடித்த ஒருநாள் ஆட்டங்களில் தொடர்ந்து 17 முறை ஜெயித்தோம். 2006-ல் மேற்கிந்தியத் தீவுகளில் டெஸ்ட் தொடரை வென்றோம், 1971-க்குப் பிறகு முதல் முறையாக. ஆனால் அதையெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஒரு சிறுமியின் கேள்வி

2007 மார்ச். மேற்கிந்தியத் தீவுகளில் உலகக் கோப்பை. அங்கே காலையில் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவில் வரும். 17-ஆம் தேதி வங்கதேசத்திடம் தோற்றோம். 23-ஆம் தேதி இலங்கையிடம் தோற்றோம். அத்தோடு நம் கதை முடிந்தது. ஆட்டம் முடியும்போது இங்கே பின்னிரவு. கடலுக்குப் போகிறவர்கள் எழுந்து கரைக்கு நடக்கும் நேரம். விடிய விடியத் தூங்காத கண்ணோடு படகு ஏறியவர்கள் பலர்.

நாடு முழுக்கக் கொந்தளிப்பு. கொடும்பாவி எரித்தார்கள். ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டை ஒரு கூட்டம் போய்ச் சேதப்படுத்தியது. வங்கதேசத்திடம் தோற்ற ஆட்டத்தில் அவர் பூஜ்யம் அடித்திருந்தார், அதுதான் குற்றம். சேப்பலையோ, உலகக் கோப்பைக்கு முன்பே, அந்த ஆண்டு ஜனவரியில் புவனேசுவரம் விமான நிலையத்தில் ஒருவர் தாக்கியிருந்தார். தோற்றால் அழலாம், கோபப்படலாம், நானும் கோபப்பட்டேன். வீட்டில் கல்லெறிவதும் ஆளை அடிப்பதும் ரசிகர் வேலை அல்ல, ரவுடி வேலை.

திங்கட்கிழமை என் வகுப்பில் பாடமே ஓடவில்லை. "எல்லாத்துக்கும் சேப்பல்தான் சார் காரணம்" என்றான் முன் பெஞ்சுப் பையன். "அவரை விரட்டணும் சார்" என்றான் இன்னொருவன். அப்போது பின்னாலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "ஆடினது சேப்பலா சார்?" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்க அப்பாதான் சார் படகு ஓட்டுறாங்க. பாடு இல்லைன்னா அப்பா ராசி சரியில்லைன்னு கூட வர்றவங்களே பேசுவாங்க. கடல்ல மீன் இல்லாததுக்கு அப்பா என்ன சார் பண்ணுவாங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்காக சேப்பல் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூத்த வீரர்களை அவர் நடத்திய விதம் சரியில்லை என்று சச்சின் டெண்டுல்கரே 2014-ல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் கடுமையாக எழுதியிருக்கிறார். ஆனால் கோச் மேல் தப்பு எவ்வளவு, மட்டை பிடித்தவர் மேல் எவ்வளவு, எதிரணியின் திறமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. வங்கதேசம் அன்று நன்றாக ஆடியது என்று நம்மில் எத்தனை பேர் சொன்னோம்?

ஏப்ரல் முதல் வாரத்தில் சேப்பல் விலகினார்.

அடித்து எழுதிய பெயர்

அடுத்து நடந்ததுதான் சுவை! கிரகாம் ஃபோர்டு என்ற தென்னாப்பிரிக்கரைக் கூப்பிட்டார்கள். 'வேண்டாம், நான் இங்கிலாந்திலேயே இருக்கிறேன்' என்றுவிட்டார். சரி என்று, எழுபது வயதைத் தாண்டிய நம் முன்னாள் வீரர் சந்து போர்டேவை மேலாளராக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 'தாத்தாவை அனுப்புகிறார்களே' என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்தத் தொடரை 1-0 என்று ஜெயித்து வந்தார்கள்! இங்கிலாந்தில் 1986-க்குப் பிறகு அதுதான் வெற்றி. செப்டம்பரில் முதல் இருபது ஓவர் உலகக் கோப்பைக்கு லால்சந்த் ராஜ்புத் மேலாளராகப் போனார். அதிலும் கோப்பை நமக்கே. கேப்டன் யார்? ஆறு மாதத்துக்கு முன் யார் வீட்டைச் சேதப்படுத்தினார்களோ, அதே தோனி!

பிறகு கேரி கிர்ஸ்டன் வந்தார். தென்னாப்பிரிக்காவின் நல்ல தொடக்க ஆட்டக்காரர். ஆனால் பயிற்சியாளராகப் பெரிய அனுபவம் கிடையாது. 'இவரா?' என்று ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர் இந்த வேலைக்கு விண்ணப்பமே போடவில்லையாம். சுனில் கவாஸ்கர் கேட்டதால் நேர்காணலுக்கு வந்தாராம். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போனவருக்கு ஏழே நிமிடத்தில் வேலை கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போடச் சொல்லி ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அதில் கிரெக் சேப்பல் பெயர் இருந்ததாம்! அதை அங்கேயே பேனாவால் அடித்துவிட்டு இவர் பெயரை எழுதினார்களாம். பின்னாளில் கிர்ஸ்டனே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

கிர்ஸ்டன் மேடை ஏறிப் பேசுகிறவர் அல்ல. வலைப் பயிற்சியில் மணிக்கணக்காக நின்று மட்டையாளர்களுக்குப் பந்து எறிந்துகொண்டே இருப்பார். 2009 டிசம்பரில் இந்தியா டெஸ்ட் தரவரிசையில் முதல் இடம் பிடித்தது. 2011 ஏப்ரல் 2-ஆம் தேதி மும்பையில் தோனி அடித்த சிக்ஸர் உங்கள் அப்பா அம்மாவுக்கு நன்றாகவே நினைவிருக்கும். அன்றிரவு வீரர்கள் சச்சினை மட்டுமல்ல, கிர்ஸ்டனையும் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள்.

ஒரே கோச், பல ஆண்டு

அடிக்கடி கோச்சை மாற்றாத அணியும் உண்டு. நம் சென்னை சூப்பர் கிங்ஸைப் பாருங்கள். 2008-ல் அந்த அணியில் வீரராக ஆடிய ஸ்டீபன் ஃபிளெமிங் 2009-ல் பயிற்சியாளரானார். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகள் அவர் இருந்தபோது வந்தவை. 2025-ல் அணி பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனபோது, விசில் அடித்த வாய்களே 'கோச்சை மாற்று' என்று முணுமுணுத்தன.

மறுபடியும் அதே தீவுகள்

2007-ல் தோற்று வந்தோமே, அந்த அணியின் கேப்டன் டிராவிட் என்ன ஆனார்? 2021 நவம்பரில் அவரே இந்திய அணியின் கோச் ஆனார். 'நிதானமாக ஆடியவர், இருபது ஓவர் ஆட்டத்துக்கு இவரா?' என்று சிலர் கேட்டார்கள். 2022-ல் அரையிறுதியில் இங்கிலாந்திடம் பத்து விக்கெட்டில் தோற்றோம். 2023-ல் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றோம். 2024 ஜூன் 29-ஆம் தேதி, அதே மேற்கிந்தியத் தீவுகளில், பார்படாசில், தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்றோம். கோலி கோப்பையைக் கையில் கொடுத்ததும், எப்போதும் அமைதியாகவே இருக்கும் டிராவிட் தொண்டை கிழியக் கத்தினாரே, பார்த்தீர்களா?

அதோடு அவர் விடைபெற, ஜூலையில் கவுதம் கம்பீர் வந்தார். மறுபடியும் மாப்பிள்ளை வரவேற்பு. சில மாதத்திலேயே சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் மூன்று டெஸ்டும் தோல்வி, உடனே 'கம்பீரை மாற்று' என்றார்கள். 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் கோப்பையை வென்றதும் 'கம்பீர்தான் சரி' என்றார்கள். நவம்பரில் கவுகாத்தியில் தென்னாப்பிரிக்காவிடம் 408 ரன் வித்தியாசத்தில் தோற்றபோது மைதானத்திலேயே சிலர் அவருக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள்.

அந்த வாரம் எங்கள் ஊர் மணலில் விளையாடிய பையன்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தார்கள். "கம்பீர் போகணும்டா!" "இருக்கணும்டா!" மட்டை பிடித்திருந்தவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "டேய், யாரு வேணா இருக்கட்டும், முதல்ல பந்தைப் போடுங்கடா, இருட்டப் போகுது!" என்றான்.