கருவேல முள்ளும் கார் பெயிண்டும்

விருதுநகர் மாவட்டத்தின் கண்மாய்க் கரைச் சாலைகளில் கார் ஓட்டுகிறவர்களுக்குச் சீமைக் கருவேலத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் குறுகலான சாலையில் எதிரே டிராக்டர் வந்தால் ஓரங்கட்டித்தான் ஆக வேண்டும். ஓரத்தில் முள் காத்திருக்கும். கதவின் நீளத்துக்கு நாலைந்து வெள்ளைக் கோடுகள் விழுந்துவிடும். 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டது. சில மாதங்களில் அந்த வேலைக்குத் தடையும் வந்தது. முள் இன்னமும் சாலையோரத்தில் நிற்கிறது.

இந்தக் கோடுகளில் பல, வீட்டில் கையால் தேய்த்தே போகக்கூடியவை. எது போகும், எது போகாது என்று பார்க்காமலே தேய்ப்பதற்கான ரப்பிங் காம்பவுண்டு டப்பாவைத் திறப்பதில்தான் கெடுதல் தொடங்குகிறது.

இன்றைய கார்களின் பெயிண்ட் ஒரே பூச்சு அல்ல. தகட்டின்மேல் துருத் தடுப்புப் பூச்சு, அடுத்து பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். சிவகாசிக் காலண்டர் அட்டையில் மை அடியிலும் லேமினேஷன் மேலேயும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு. எல்லாப் பூச்சும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 40 மைக்ரான். தலைமுடியின் கனம்கூட இல்லை.

கீறிய இடத்தைக் கழுவிவிட்டுத் தண்ணீரோடு பாருங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் மறுபடி தெரிகிற கோடு கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டுகிறதா என்றும் பார்க்கலாம். தட்டினால் ஆழம் அதிகம். தேய்த்தாலும் முழுதாகப் போகாது. பிரைமரோ தகடோ தெரிந்தால் தேய்க்கவே கூடாது, டச்சப் செய்ய வேண்டும்.

காம்பவுண்டு பள்ளத்தை நிரப்புவதில்லை. அதிலுள்ள நுண்துகள்கள் கோட்டைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகின்றன. வெளிச்சம் சிதறாமல் திரும்புவதால் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தேய்க்கும்போதெல்லாம் கிளியர் கோட்டில் கொஞ்சம் குறைகிறது, போனது திரும்பாது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்குவதும் அந்தப் பூச்சுதான். அது மெலிந்துபோன கார், இந்த வட்டாரத்து வெயிலில் பானட்டிலும் கூரையிலும் திட்டுத் திட்டாக வெளுத்து உரியும். அம்பாசடர் காலத்தில் நிறப்பூச்சே மேற்பூச்சாக இருந்தது. தேய்க்கும் துணியில் காரின் நிறம் இறங்கும். அந்தக் கார்களுக்கு அடிக்கடி ரப்பிங் பாலிஷ் போட்ட பழக்கத்தை இன்றைய கார்களுக்கும் தொடர்வது பெயிண்டின் ஆயுளைக் குறைப்பதுதான்.

தேய்ப்பதென்றால் நிழலில், தகடு ஆறிய பிறகு. ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவைத்து, நயமான காம்பவுண்டைக் கொஞ்சமாக மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாமல் மிதமாகத் தேய்க்க வேண்டும். துடைத்துப் பார்த்து, போதாவிட்டால் மட்டுமே இன்னொரு தடவை. பிறகு பாலிஷ், அதன்மேல் வாக்ஸ். கதவு விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் பஃபிங் மெஷினின் சூடு பரவாமல் ஓரிடத்திலேயே தங்கும். இந்த இடங்களில் மெஷின் வேண்டாம்.

முள்ளைவிட அதிகமாகக் கீறுவது காலையில் காரைத் துடைக்கும் காய்ந்த துணி. நாற்கரச் சாலையில் வந்த காரின்மேல் படிந்த புழுதியில் குவார்ட்ஸ் மணல் இருக்கும். அது கண்ணாடியையே கீறக்கூடியது. கறுப்புக் காரை வெயிலில் நிறுத்தினால் தெரிகிற வட்ட வட்டமான மெல்லிய கோடுகளில் பெரும்பகுதி இப்படி வந்தவையே. தீபாவளி மறுநாள் இன்னும் கவனம் தேவை. கம்பி மத்தாப்பில் இரும்புத்தூள் உண்டு. எரிந்து விழுந்த துகளைத் துணியால் இழுத்தால் கோடு நிச்சயம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அதை இறக்கிவிட வேண்டும். பொறி பட்டு உருகிய புள்ளி ஆழமாக இருந்தால் எந்தப் பாலிஷிலும் போகாது.

நிறம்வரை போன கீறலில் மிகவும் சிரமம் கொடுப்பது சில்வர் கார். பட்டாசுக்கு வெளிச்சம் தரும் அலுமினியமே இங்கே மினுமினுப்பையும் தருகிறது. திருமங்கலத்தில் உலோகத்தூள் தயாரிக்கும் மெப்கோ இரண்டு தொழிலுக்கும் சரக்கு தருகிறது. பெயிண்டுக்குள் அலுமினியச் செதில்கள் எந்தச் சாய்வில் படிகின்றன என்பதைப் பொறுத்து நிறம் வெளுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். கதவோரத்திலோ பானட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டைப் பார்த்துச் சரியான பெயிண்டே வாங்கினாலும், பிரஷ்ஷால் தொட்ட இடத்தில் செதில்கள் வேறு மாதிரி படிந்து திட்டாகத் தெரியும். அதனால்தான் ஒரு சின்னக் கோட்டுக்காகச் சில்வர் காரின் கதவு முழுவதையும் ஸ்பிரே செய்ய வேண்டும் என்று பெயிண்டர்கள் சொல்கிறார்கள்.