போலோ ஜிடியைப் பத்து வருஷம் வைத்திருப்பது

2013 ஏப்ரலில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டெல்லி எக்ஸ்-ஷோரூம் விலை எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அன்றைக்கு அந்தப் பணத்துக்குப் பின்சீட்டில் காலை நீட்டி உட்காரக்கூடிய செடான் கார் கிடைத்தது. போலோவிலோ பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும், டிக்கியில் 280 லிட்டர் இடம்தான். இந்தக் காருக்கு இவ்வளவு விலையா என்று கேட்டவர்கள் நிறைய. ஆனாலும் வாங்கினார்கள். வாங்கியவர்களில் கணிசமானோர் பத்து வருஷம் தாண்டியும் விற்க மனமில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். விற்காததற்கான காரணமும் அதற்காக அவர்கள் படும் பாடும் சின்ன ஸ்போர்ட்டி கார் வாங்க நினைக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

காரணத்தில் பாதி அந்த இன்ஜினில் இருக்கிறது. இந்தியாவில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் இருந்தால்தான் சிறிய கார் என்ற வரிச்சலுகை கிடைக்கும். 2010-ல் போலோ இங்கே அறிமுகமான காலத்தில் 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜினிலும் ஒரு மாடல் வந்தது. இன்ஜின் அளவால் வரி ஏறியது, விலையும் ஏறியது, அது நிலைக்கவில்லை. ஜிடியில் நிறுவனம் வேறு வழி பிடித்தது. 1,197 சிசி இன்ஜினுக்கு டர்போ வைத்து, எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் முறையையும் சேர்த்தது. 105 குதிரைசக்தி, 175 நியூட்டன் மீட்டர் டார்க். அதே காலத்துச் சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் போலோவில் 75 குதிரைசக்தியும் 110 நியூட்டன் மீட்டரும்தான். வரிக்கணக்கில் இரண்டும் ஒரே வரிசை, ரோட்டில் இரண்டும் வேறு வேறு ஜாதி.

இந்த எண்களில் முக்கியமானது குதிரைசக்தி அல்ல, டார்க் வரும் இடம். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜினில் முழு இழுவை வேண்டுமானால் மூவாயிரம், நாலாயிரம் சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டும். ஜிடியில் 1,500 சுற்றிலேயே முழு 175-ம் கைக்கு வந்துவிடும். இருவழிச் சாலையில் முன்னால் ஒரு லாரி, எதிரே கொஞ்ச தூரம்தான் காலி என்ற நிலையில் இதன் பலன் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டு வண்டி எழுந்திருக்கக் காத்திருக்கும் அந்த ஓரிரு நொடி இதில் இல்லை. நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை 9.7 நொடியில் தொடும் என்றது நிறுவனம். நடுத்தரக் குடும்பம் எட்டக்கூடிய ஹேட்ச்பேக்கில் அன்று அது பெரிய எண்.

பந்தயத்தோடு இருந்த தொடர்பும் சேர்ந்துகொண்டது. 2013 முதல் 2016 வரை உலக ராலி சாம்பியன்ஷிப்பில் போலோ வரிசையாக நான்கு வருஷம் பட்டம் அடித்தது. நான்கிலும் ஓட்டுநர் பட்டம் பிரான்ஸின் செபஸ்தியன் ஓஜியேவுக்கு. இந்தியாவில் 2010 முதல் போலோ கோப்பைப் பந்தயங்கள் நடந்தன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அவற்றைப் பார்த்த இளைஞர்கள், பிறகு வேலைக்குப் போனதும் முதலில் விலை விசாரித்த கார்களில் போலோவும் ஒன்று. பந்தயக் காருக்கும் ஷோரூம் காருக்கும் பொதுவாக இருந்தவை உடல் வடிவமும் பெயரும்தான் என்றாலும், ஆசைக்கு அது போதும்.

இனி அதற்காக அவர்கள் படும் பாடு. அது கியர்பாக்ஸிலிருந்து தொடங்குகிறது.

முதல் ஜிடி டிஎஸ்ஐயில் இருந்தது டிஎஸ்ஜி எனப்படும் ஏழு கியர் ஆட்டோமேட்டிக். அதற்குள் இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய கியர்களை ஒரு கிளட்ச் பார்த்துக்கொள்ளும். இரண்டு, நான்கு, ஆறு மற்றதன் பொறுப்பு. வண்டி மூன்றாவது கியரில் ஓடும்போதே நான்காவது தயாராகக் கோத்து வைக்கப்பட்டிருக்கும். ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதுபோல, ஒரு கிளட்ச் விலகுவதும் அடுத்தது பிடிப்பதும் இடைவெளியில்லாமல் நடக்கும். அதனால்தான் கியர் மாறுவதே தெரியாமல் வண்டி சீறுகிறது. இந்த வேலைகளையெல்லாம் நடத்துவது மெக்கட்ரானிக் என்ற பகுதி: ஹைட்ராலிக் பம்ப், வால்வுகள், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே பெட்டியில்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த ஏழு கியர் மாடலின் கிளட்ச்கள் ஆயிலில் நனையாமல் உலர்ந்த நிலையில் வேலை செய்பவை. எடை குறையும், மைலேஜ் கூடும். சூட்டைத் தணிக்கத்தான் எதுவும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு ஐ.டி. நிறுவனங்கள் இருக்கும் எந்தச் சாலையையும் நினைத்துப் பாருங்கள். முன்னால் போகும் கார் இரண்டடி நகர்ந்தால் நாமும் இரண்டடி நகர்கிறோம். பிரேக்கில் கால் பட்டும் படாமலும் இருக்கிறது. மேனுவல் வண்டியில் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஊர்வதும் இதுவும் ஒன்றேதான். ஆட்டோமேட்டிக் என்பதால் காலுக்குத் தெரிவதில்லை, உள்ளே கிளட்ச் தட்டு தேய்ந்து சூடேறிக்கொண்டிருக்கிறது. வருஷக்கணக்கில் இப்படி ஓட்டினால், ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது வண்டி உதற ஆரம்பிக்கும்.

இது இந்திய ஓட்டுநர்கள் மட்டும் சொன்ன குறை அல்ல. சீனாவில் இதே கியர்பாக்ஸ் பற்றிப் புகார்கள் குவிந்ததால் 2012-ல் அங்கே அதன் வாரண்டி பத்து வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. என்று நீட்டப்பட்டது. 2013 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சியின் நுகர்வோர் நிகழ்ச்சி இதைக் கையிலெடுத்தது. சில நாட்களிலேயே சுமார் 3.8 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அதே வருஷம் நவம்பரில் உலக அளவில் 16 லட்சம் கார்களின் கியர்பாக்ஸில் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்ற நிறுவனம் முடிவு செய்தது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், நின்று நின்று ஓடும் டிராஃபிக்கில், கியர்பாக்ஸுக்கு மின்சாரம் போகும் வழியில் கோளாறு வரலாம் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வெப்பம், ஈரப்பதம், டிராஃபிக் மூன்றும் சேர்ந்த ஊர் எது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மெக்கட்ரானிக் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். வாரண்டி முடிந்த ஜிடி வைத்திருப்பவர்களின் பெரிய பயம் இதுதான். அனுபவப்பட்டவர்கள் ஓட்டும் விதத்தையே மாற்றிக்கொண்டது அதனால்தான். முன்னால் பத்து, பதினைந்து அடி இடைவெளி விழும்வரை பிரேக்கை அழுத்தமாக மிதித்து நிற்பார்கள். பிரேக் அழுத்தமாக இருந்தால் கிளட்ச் முழுசாக விலகிவிடும். லேசாக இருந்தால் பாதி பிடித்துக்கொண்டு தேயும். நீண்ட சிக்னலில் நியூட்ரல். மேம்பாலத்து ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதில்லை, பிரேக்கால்தான். பின்னால் நிற்பவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கட்டும். இந்தப் பழக்கம் வந்தவர்களின் கியர்பாக்ஸ் நெடுங்காலம் உழைத்திருக்கிறது என்பதை டிஎஸ்ஜி வேலை தெரிந்த எந்த மெக்கானிக்கும் சொல்வார். இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டியதை நிறுவனங்களின் விளம்பரம் ஒருபோதும் சொல்லாது. விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

'ரீமேப்' ஆசையும் இங்கேதான் இடிக்கும். இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதி இன்னும் கொஞ்சம் சக்தி கறப்பதற்குப் பெயர் ரீமேப். அந்த இன்ஜின் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் அந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் வடிவமைக்கப்பட்டதே 250 நியூட்டன் மீட்டர் வரைதான். எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு டிராஃபிக்கிலும் ஓட்டினால், செலவு எந்த மாதம் வரும் என்பதுதான் கேள்வி. வாரண்டி அன்றைக்கே போய்விடும்.

இன்ஜின் பக்கம் தொல்லை குறைவு, கவனம்தான் அதிகம் வேண்டும். பழைய பாணி இன்ஜினில் பெட்ரோல் வால்வின்மேல் பட்டு உள்ளே போகும், அதில் வால்வு கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. அதனால் உள்ளிழுக்கும் வால்வுகளின் முதுகில் கரி மெல்ல மெல்லப் படியும். தினமும் நாலு கிலோமீட்டர் ஆபீஸ், திரும்பி வீடு என்று மட்டும் ஓடும் வண்டியில் வேகமாகப் படியும். இன்ஜின் முழுச் சூடு பிடித்து நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குறைவு. பிக்கப் மந்தமாகி, காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் நடுக்கம் தெரிந்தால், பிளக், காயிலை மாற்றிப் பார்த்த பிறகு மெக்கானிக் கரியைத்தான் சந்தேகிப்பார்.

ஆயில் விஷயத்தில் கையேடு 15,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம் என்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்று சுற்றும். அதைத் தாங்குவது அந்த ஆயில் படலம் ஒன்றுதான். ஆகவே நகரத்தில் ஓடும் ஜிடிக்காரர்களில் விவரமானவர்கள் 15,000 வரை காத்திருப்பதில்லை, பாதித் தூரத்திலேயே மாற்றிவிடுகிறார்கள். இந்த ஒரு சிக்கனத்தைத் தவிர்ப்பது எனக்கு முழுக்க நியாயமாகப் படுகிறது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்த வேகத்திலேயே நிறுத்தி இன்ஜினை அணைக்காமல், கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வருவதும் டர்போவுக்காகத்தான்.

பெட்ரோல் பங்க்கில் இப்போது புதிய கவலை ஒன்று. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. பத்து சதவீதக் கலப்புக்கு ஏற்பத் தயாரான பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் அவ்வளவாக ஒத்துவராது. ஜிடியை வாரக்கடைசி வண்டியாக ஒதுக்கி வைத்திருப்பவர்கள், டேங்க்கை நிரப்பிவிட்டு மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

சஸ்பென்ஷன் வேலை வந்தே தீரும். நம் ஸ்பீடு பிரேக்கர்களும் பள்ளங்களும் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவற்றைத் தின்றுவிடும். முன் சக்கரப் பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் இவைதான். இவை ஆளை முழுங்கும் செலவு அல்ல. வென்டோ, அமியோ, ஸ்கோடா ரேபிட் ஆகிய கார்களும் ஏறக்குறைய இதே அடித்தளத்தில் வந்தவை என்பதால் பாகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் வெளியிட்ட மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத போலோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஏர்பேக் வைத்த அதே கார் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஏர்பேக் இல்லாத மாடலை நிறுவனம் அதோடு நிறுத்திக்கொண்டது. பழைய சாதாரண போலோ வாங்குகிறவர்கள் தயாரிப்பு வருஷத்தைப் பார்க்க வேண்டியதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

2020-ல் பிஎஸ்-6 புகை விதிகள் வந்ததும் நிலைமை மாறியது. டீசல் போலோ நின்றது. ஜிடிக்கு மூன்று சிலிண்டர் 1.0 லிட்டர் டர்போ வந்தது: 110 குதிரைசக்தி, அதே 175 நியூட்டன் மீட்டர். டிஎஸ்ஜி போய், பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. டிஎஸ்ஜியின் சுறுசுறுப்பு இதில் இல்லை என்று ஆர்வலர்கள் குறைபட்டார்கள். டிராஃபிக்கில் தினமும் ஊர்கிறவருக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 2022-ல் 'லெஜண்ட்' என்ற பெயரில் 700 கார்களை மட்டும் விற்றுவிட்டு, பன்னிரண்டு வருஷம் ஓடிய போலோவை நிறுவனம் இந்தியாவில் நிறுத்தியது.

நிறுத்தியதும் செகண்ட்ஹேண்ட் சந்தையில் நல்ல ஜிடிக்குத் தேடல் கூடியது. வாங்கப் போகிறவர்கள், வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, காலையிலேயே போக வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து முதல் சில நொடிகள் காது கொடுக்க வேண்டும், ஆரம்பகால 1.2 டிஎஸ்ஐ இன்ஜின்களில் டைமிங் செயின் தளர்ந்து கலகலக்கும் குறை ஐரோப்பாவிலேயே பிரசித்தம். பிறகு அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டி, கியர்பாக்ஸ் சூடானபின் ஒன்று-இரண்டு மாறும் இடத்தில் உதறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பார்ப்பதும் உண்மையைச் சொல்லிவிடும். ஸ்கேனர் மாட்டிக் கியர்பாக்ஸ் பதிவுகளைப் படிக்க ஆகும் செலவு அதிகமில்லை.

2013 வண்டி என்றால் 2028-ல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டிவரும். கட்டணமும் பசுமை வரியும் அதோடு வரும். இதையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் உள்ள பில்களைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். பில் ஒன்றுமே இல்லை என்றால், மெக்கட்ரானிக் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்க வேண்டும்.