ஜோடி பிரிந்தால்தான் உள்ளே இடம்

கருங்குழியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "தையூரில் ஹைட்ரஜன் ஆராய்ச்சி மையம் வருகிறதாமே. தண்ணீரைப் பிரித்து வண்டி ஓட்டுவார்களாம். பாலாற்றில் மணல்தான் தெரிகிறது. இருக்கிற தண்ணீரையும் இதற்கு எடுத்துக்கொள்வார்களா? எங்கள் ஜி.எஸ்.டி. சாலையில் ஹைட்ரஜன் பஸ் ஓடுமா?"

தையூர்ச் செய்தி உண்மைதான். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் ஹூண்டாய் நிறுவனம் 6,180 கோடி ரூபாய் முதலீட்டை அறிவித்தது. அதில் 180 கோடி, சென்னை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து அமைக்கும் ஹைட்ரஜன் மையத்துக்கானது. கேளம்பாக்கத்தை அடுத்த தையூரில் ஐ.ஐ.டி.க்கு இருக்கும் புதிய வளாகம்தான் இடம். அறிவிப்பு வந்த நாளிலிருந்து "தண்ணீரில் ஓடும் கார்" என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிட்டது. தண்ணீரால் விளக்கெரிந்ததாகச் சொல்லப்படும் வள்ளலாரின் கருங்குழி வேறு; அது வடலூர்ப் பக்கம் இருக்கிறது. வாசகரின் ஊர் மதுராந்தகத்துக்கு வடக்கே இருப்பது. ஆய்வகத்தைப் பொறுத்தவரை தண்ணீர் எரிபொருளே அல்ல. அது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதை மறுபடி எரியவைக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளிப்பட்ட ஆற்றலை நாம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

முதல் கேள்வியை ஒரு கணக்கில் முடித்துவிடலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் வேண்டும். சுத்திகரிப்பில் கழிவதையும் சேர்த்து 20 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஓடுகின்றன. இத்தகைய ஆலையில் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். அப்படியானால் 20 லிட்டருக்கு 0.08 யூனிட். அந்தத் தண்ணீரைப் பிரிக்கவோ 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும்! பாலாற்றைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. கவலைப்பட வேண்டியது மின்சாரத்தைப் பற்றி.

2023-ல் ஐ.ஐ.டி.யின் இயற்பியல் துறை ஆய்வாளர்கள், கடல்நீரையே நேரடியாகப் பிரிப்பதற்கான மின்முனைகளையும் செல்லுலோஸ் தடுப்புச் சவ்வையும் உருவாக்கியதாக அறிவித்தார்கள். உப்பிலுள்ள குளோரைடு அரித்துத் தின்னாத மின்முனையைச் செய்வது அருமையான வேதியியல். அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மின்சாரக் கணக்கில் அது மிச்சப்படுத்துவது அந்த 0.08 யூனிட்டைத்தான். கடலிலிருந்து எரிபொருள் கொட்டப்போகிறது என்று தலைப்புப் போட்டவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுவோம். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. அந்த மின்சாரத்தில் 50 யூனிட் செலவழித்தால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 35 கிலோ புகை. இயற்கை எரிவாயுவிலிருந்து பழைய முறையில் எடுத்தால் 9 அல்லது 10 கிலோதான். மத்திய அரசு 2023-ல் வகுத்த வரையறைப்படி, 2 கிலோவுக்குமேல் போனால் அது பசுமை ஹைட்ரஜனே ஆகாது. எனவே சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ நேரடியாக வரும் மின்சாரம் இல்லையென்றால் இந்த முயற்சி முழுவதும் வீண்.

சரி, சுத்தமாகவே எடுத்துவிட்டோம். எங்கே வைப்பது? சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் 12,000 லிட்டர் இடத்தை அடைக்கும். கார்களில் அதை 700 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் திணிக்கிறார்கள். திரவமாக்க வேண்டுமானால் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். அதற்கே ஹைட்ரஜனிலுள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு செலவாகும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: உலோகத்துக்குள் வைப்பது. ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனில் 71 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் லாந்தனம்-நிக்கல் ஹைட்ரைடுப் படிகத்தில், அறை வெப்பநிலையிலேயே, ஏறக்குறைய 90 கிராம் இருக்கிறது. திரவத்தைவிட நெருக்கமாக ஒரு திண்மத்துக்குள் வாயு போய் அடங்குகிறது என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

காலை எட்டரை மணிக்குக் கருங்குழி நிறுத்தத்துக்கு வரும் செங்கல்பட்டு டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இந்த உலோகப் படிகம். ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து, ஜோடியாகத்தான் நிறுத்தத்துக்கு வரும். வாசலில் நிற்கும் கண்டக்டர் ஒரு நிக்கல் அணு. "அம்மா முன்னால போங்க, ஐயா பின்னால போங்க" என்று ஜோடியைப் பிரித்துத்தான் ஏற்றுவார். இது சின்ன வேலை இல்லை. வெறும் சூட்டால் அந்தப் பிணைப்பை உடைக்க ஆயிரக்கணக்கான டிகிரி வேண்டும். நிக்கலின் மேற்பரப்பு தன் எலக்ட்ரான்களைக் கொண்டு பிணைப்பைத் தளர்த்தி, ஒவ்வோர் அணுவையும் தனித்தனியே தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. உள்ளே சீட்டெல்லாம் லாந்தனமும் நிக்கலும் பிடித்திருக்கின்றன. அவை எழுந்து இடம் தரா. ஹைட்ரஜன் சின்ன உருவம். சீட்டுகளுக்கு இடையே ஓர் இடுக்கிலிருந்து அடுத்த இடுக்குக்குத் தாவித் தாவி உள்ளே போகும்.

அடுத்து நடப்பதுதான் அழகு. முதலில் ஏறும் சிலர் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். அவர்கள் நின்ற இடத்தில் படிக அடுக்கு கொஞ்சம் விரிகிறது. அதனால் பக்கத்து இடுக்கும் அகலமாகி, அடுத்தவர் ஏறுவது எளிதாகிறது. எனவே நிறுத்தத்தில் கூட்டத்தின் நெருக்கடி 2 அல்லது 3 வளிமண்டல அழுத்தத்தைத் தொட்டதும், அதற்குமேல் நெருக்கடி ஏறாமலே பஸ் நிரம்பிக்கொண்டே போகிறது. ஒரு லாந்தனம், ஐந்து நிக்கல் என்ற கணக்குக்கு ஆறு ஹைட்ரஜன் வரை ஏறும். பஸ்ஸின் கன அளவு ஏறக்குறைய கால் பங்கு உப்பிவிடும். கார்பன் மோனாக்ஸைடு போன்ற வாயு வந்தால் உள்ளேயும் போகாது, இறங்கவும் செய்யாது. படிக்கட்டை மறித்துக்கொண்டு நிற்கும், பின்னால் வருபவர் யாரும் ஏற முடியாது. ஹைட்ரஜன் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும் என்று ஆய்வகத்தார் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கூட்டம் ஏறினால் பஸ் சூடாகும். சூடு ஏறினால் கூட்டம் இறங்கிவிடும். செங்கல்பட்டில் இறங்கும்போது கையருகே யார் நிற்கிறார்களோ அவரோடு ஜோடி சேர்ந்துகொள்வார்கள். ஏறும்போது இருந்த துணையைத் தேட மாட்டார்கள். சாதாரண ஹைட்ரஜனையும் அதன் கனமான உடன்பிறப்பான டியூட்டீரியத்தையும் சேர்த்து ஏற்றிப் பார்த்தால், வெளியே வருவதில் கலப்பு ஜோடிகள் இருக்கும். உள்ளே எல்லோரும் தனி ஆட்களாகத்தான் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பலமுறை உப்பிச் சுருங்கியதில் பஸ்ஸே நொறுங்கிப் பொடியாகும். அப்போதும் ஒவ்வொரு துண்டும் தன் பங்குக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் பணிமனையிலும் இல்லாத பஸ் இது!

அந்தச் சூட்டில்தான் பொறியாளரின் தலைவலி இருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் உலோகத்துக்குள் ஏறும்போது ஏறக்குறைய 15 மெகாஜூல் வெப்பம் வெளியாகிறது. 5 கிலோவை 5 நிமிடத்தில் நிரப்ப வேண்டுமானால் 250 கிலோவாட் வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். பொடியோ வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. உள்ளே குழாய்களையும் தகடுகளையும் எப்படிச் செருகுவது என்பதே பாதி ஆராய்ச்சி. இதே குணம் பாதுகாப்பாகவும் அமைகிறது. கலன் கசிந்தால் வெளியேறும் ஹைட்ரஜன் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், உலோகம் குளிரும், கசிவு தானே மந்தமாகும். 700 மடங்கு அழுத்தத்தில் இருக்கும் உருளைக்கு இந்த நல்ல குணம் கிடையாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்லேடியம் ஹைட்ரஜனை விழுங்குவதை 1866-ல் தாமஸ் கிரஹாம் கண்டார். லாந்தனம்-நிக்கலின் திறன், 1960களின் இறுதியில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் காந்தக் கலவைகளை ஆராய்ந்தபோது தற்செயலாகத் தெரியவந்தது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த எம்.வி.சி. சாஸ்திரி, பி. விஸ்வநாதன், எஸ். ஸ்ரீனிவாச மூர்த்தி மூவரும் 1998-ல் உலோக ஹைட்ரைடுகளுக்கென்றே ஒரு நூலைத் தொகுத்தார்கள். தையூருக்கு முன்பே இங்கே அடித்தளம் இருந்தது. லாந்தனமும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலுள்ள மோனசைட்டில் இருக்கிறது.

இத்தனை அழகுக்கும் ஒரு விலை உண்டு: எடை. லாந்தனம்-நிக்கல் ஹைட்ரைடின் எடையில் ஹைட்ரஜன் வெறும் 1.4 சதவீதம். ஹூண்டாய் 2018-ல் கொண்டுவந்த நெக்ஸோ கார் சுமக்கும் 6.33 கிலோ ஹைட்ரஜனை இதில் வைத்தால் உலோகம் மட்டும் 450 கிலோ. மக்னீசியத்தில் 7.6 சதவீதம் ஏறும். ஆனால் இறக்குவதற்கு 300 டிகிரி சூடு வேண்டும். எடையைக் குறைக்கும் ஆசையில்தான் ஆராய்ச்சி உலகம் ஒருமுறை ஏமாந்தது. கார்பன் நார்களில் 60 சதவீதத்துக்குமேல் ஹைட்ரஜன் ஏறுகிறது என்று 1998-ல் ஒரு குழு அறிவித்தது. உலகெங்கும் ஆய்வகங்கள் அதன் பின்னால் ஓடின. எவராலும் அதை மறுபடி செய்துகாட்ட முடியவில்லை. அறை வெப்பநிலையில் உண்மையாகக் கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

எடை தொல்லையாகாத இடங்களில் ஹைட்ரைடு இன்றே வேலை செய்கிறது. ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகள் ஹைட்ரஜனை இப்படித்தான் வைத்திருக்கின்றன. நிக்கல்-உலோக ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரிக்குள் இருப்பதும் இதே குடும்பத்துக் கலவைதான். நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் சேமிப்புக்கு இதைவிட அடக்கமான பொருளை நான் பார்த்ததில்லை. தையூரில் கார்க் கலன்களைத் தாண்டி இதற்கும் ஒரு மூலை ஒதுக்க வேண்டும். எத்தனை முறை ஏற்றி இறக்கினார்கள், எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றினார்கள் என்ற எண்களை அவ்வப்போது வெளியிடவும் வேண்டும்.

இனி ஜி.எஸ்.டி. சாலை. தண்ணீரைப் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் போட்டால் கிடைக்கும் ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் இருக்கும். எரிபொருள் மின்கலத்தில் அது மறுபடி மின்சாரமாகும்போது மிஞ்சுவது அதில் பாதி, 16 அல்லது 17 யூனிட். அதே 50 யூனிட்டை பேட்டரியில் ஏற்றினால் பெரும்பகுதி சக்கரத்துக்கு வந்து சேரும். கருங்குழியிலிருந்து செங்கல்பட்டுக்கோ தாம்பரத்துக்கோ போகும் பஸ்ஸுக்கு பேட்டரி போதும். ரயிலுக்கும் இங்கே ஹைட்ரஜன் தேவையில்லை. 2025 ஜூலையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தது நல்ல பொறியியல்; ஆனால் கருங்குழி வழியாகப் போகும் பாதையில் ஏற்கெனவே மின்கம்பி இருக்கிறது.

ஹைட்ரஜனை ஹைட்ரஜனாகவே கேட்கும் இடம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் மெட்ராஸ் உர ஆலையும் தங்கள் வேலைக்கு ஹைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன. கந்தகத்தை நீக்கவும் அம்மோனியா செய்யவும் அதற்குப் பதிலாக பேட்டரியை வைக்க முடியாது. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் தமிழ்நாட்டுக்கு வரும் பங்கைக் கொண்டு எடுக்கும் முதல் டன் பசுமை ஹைட்ரஜன் பஸ்ஸுக்கும் காருக்கும் போகக் கூடாது. அது மணலிக்குப் போக வேண்டும்.